சிந்தி, ரோமா மக்களின் தலைவர் ரோமானி ரோஸ்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நெக்கர்க்கரை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள ஒன்பது பிள்ளைகள். சிலரின் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், சிலரின் பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

அடுத்த மாதம் இவர்களை ஹைடல்பெர்க் நகரத்தில் இருக்கும், சிந்தி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை மக்களின் ஆவண மையத்துக்கு அழைத்துப் போகிறேன். பழைய நகரத்தில், கோட்டைக்கு நேர் கீழே பிரெமெனெக் என்ற சந்தில் இருக்கிறது. இந்த மக்களை நாஜிகள் கொன்றழித்த வரலாற்றை 1997 முதல் அங்கே நிரந்தரக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். இந்த மையத்துக்குப் பின்னால் நின்ற மனிதர் ரோமானி ரோஸ். போவதற்கு முன் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரோடு உட்கார்ந்து படிக்கும்படி இரண்டு பக்கத்தில் ஒரு தமிழ்க் கைப்பிரதி தயாரிக்கிறேன்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "ஜிப்சிகளின் தலைவர்" என்று எழுதி அடித்தேன். "நாடோடி மக்களின் தலைவர்" என்று எழுதி அதையும் அடித்தேன். தமிழில் என்னதான் சொல்வது?

இன்னொன்று. அவர்களுடைய ரோமானி மொழி இந்திய ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், மனிதனுக்கு மனுஷ். ஐந்து என்பதற்குப் பஞ்ச் போன்ற ஒரு சொல். நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் என்பதால், இந்தச் சொற்களை வைத்து ஒரு விளையாட்டுத் தயார் செய்திருக்கிறேன். மையத்தின் முற்றத்திலேயே நடத்தலாம் என்று எண்ணம். உங்கள் கருத்து வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, நல்ல முயற்சி. அந்த இரண்டு சொற்களையும் நீங்கள் அடித்தது சரி.

ஜிப்சி என்பது இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக நினைத்ததால் பிறந்த பெயர். ஜெர்மானியர் வழங்கிய பெயர் அதைவிடக் கொடியது. அதன் முதல் எழுத்தான இசட்டைத்தான் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இவர்கள் கையில் எண்ணுக்கு முன்னால் பச்சை குத்தினார்கள். அந்தப் பெயரை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவந்துவிட்டால் கறை போய்விடாது.

நாடோடி என்பது செய்தி அளவிலேயே பிழை. ஜெர்மன் பேசும் நிலங்களில் சிந்தி மக்கள் வாழ்வதற்கான எழுத்துச் சான்று 1407ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பலர் கடைக்காரர்கள், கைவினைஞர்கள், இசைக் கலைஞர்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் நின்றவர்கள் உண்டு. அலைந்தவர்களில் பலரும் எந்த ஊரும் தங்க விடாததால் அலைந்தவர்கள். துரத்தியவன் பார்வையில் ஓடுகிறவன் நாடோடி. அந்தச் சொல்லை நாமும் எடுத்து ஆள வேண்டுமா?

சிந்தி, ரோமா என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரையே எழுதுங்கள். அடியில் ஒரு விளக்கம் போடுங்கள். சிந்து மாகாணத்துச் சிந்திகள் வேறு, இவர்கள் வேறு. ரோமா என்பதற்கும் ரோம் நகரத்துக்கும் ருமேனியாவுக்கும் தொடர்பில்லை. அவர்கள் மொழியில் ரோம் என்றால் ஆண், கணவன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். அதை விட்டுவிடுங்கள். ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவர் 1936 முதல் பெர்லினில் இன ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். அவருடைய உதவியாளர் ஏவா யுஸ்டின் இவர்களுடைய மொழியைப் பேசக் கற்றுக்கொண்டவர். அந்த மொழியிலேயே பேசி, வீட்டுக்குள் போய், உறவுமுறை கேட்டு, வம்ச வரைபடம் எழுதினார்கள். யார் எந்த இனம் என்று அப்படி எழுதிய கணிப்புகள் 24,000க்கு அருகில் வரும். அந்தத் தாள்களைக் கொண்டுதான் யாரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள்.

முல்ஃபிங்கன் என்ற ஊரின் கத்தோலிக்க விடுதியில் இருந்த சிந்திப் பிள்ளைகளை வைத்து யுஸ்டின் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வு முடியும்வரை அந்தப் பிள்ளைகள் விடுதியில் வைக்கப்பட்டார்கள். பட்டம் கிடைத்த பின், 1944 மே மாதம், 39 பிள்ளைகள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். நால்வர் மட்டுமே உயிர் பிழைத்தார்கள்.

இதனால்தான் ஜெர்மானியச் சிந்திக் குடும்பங்கள் பல இன்றும் தங்கள் மொழியை வெளியாருக்குக் கற்பிக்க விரும்புவதில்லை. அந்த முற்றத்தில் வந்து நின்று அவர்கள் சொற்களைப் பிள்ளைகள் கூவி விளையாடினால், வயதான ஒருவர் காதில் அது எப்படி விழும்?

நெக்கர்க்கரை ஆசிரியை எழுதியது:

நன்றி ஐயா. நேற்றிரவு இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உறங்கவில்லை. அட்டைகளை வெட்டி, வண்ணம்கூடத் தீட்டி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

ரோஸ் பற்றி யாராவது விரிவாக எழுத முடியுமா? எனக்குக் கிடைத்ததெல்லாம் பதவிகளும் விருதுகளும்தான். பிள்ளைகளுக்கு அது போதாது.

பழுப்பேடு எழுதியது:

எழுதுகிறேன், ஆனால் அவர் தந்தையிடமிருந்துதான் தொடங்க முடியும்.

ரோஸ் குடும்பம் திரைப்படம் திரையிடும் தொழில் செய்த குடும்பம். நாஜிகள் வந்ததும் தொழில் பறிபோனது. தாத்தா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார், பாட்டி ராவன்ஸ்பிரூக் முகாமில். குடும்பத்தில் மொத்தம் 13 பேர். தந்தை ஆஸ்கர் ரோஸ் பொய்ப் பெயரில் தலைமறைவாக வாழ்ந்தார். 1943இல் மியூனிக் நகரத்துக்குப் போய், கர்தினால் ஃபவுல்ஹாபரின் வீட்டுக் கதவைத் தட்டினார். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் மக்களைக் கொண்டுபோகிறார்கள், திருச்சபை தலையிட வேண்டும் என்று கேட்கப் போனவர் அவர். கர்தினால் அவரை நேரில் சந்திக்கவே இல்லை.

ஆஸ்கரின் தம்பி வின்சென்ஸ் ஆஷ்விட்ஸில் அடைபட்டிருந்து, பிறகு வேறு முகாம்களுக்கு மாற்றப்பட்டவர். மருத்துவச் சோதனைக்கும் ஆளாக்கப்பட்டார். கடைசியாக அவரை அடைத்த இடம் நெக்கரெல்ஸ் முகாம். உங்கள் ஆறுதான், அம்மா. ஹைடல்பெர்கிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும். அங்கிருந்து 1944இல் அண்ணன் உதவியோடு தப்பினார். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தினமும் பார்க்கிற ஆற்றின் கரையில் நடந்தது என்றால் மனதில் தங்கும்.

போர் முடிந்ததும் சகோதரர்கள் இருவரும் ரிட்டரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் ஃபிராங்க்ஃபர்ட் நகரச் சுகாதார அலுவலகத்தில் வேலையில் இருந்தார்! ஆஸ்கர் வழக்குத் தொடுத்தார். 1950இல் வழக்கு கைவிடப்பட்டது. யுஸ்டினும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார், அவர் மீதான விசாரணையும் பிற்பாடு கைவிடப்பட்டது.

இதைவிடப் பெரிய அடி 1956 ஜனவரியில் விழுந்தது. மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், 1943 மார்ச் மாதத்துக்கு முன் இம்மக்களுக்கு நேர்ந்தது இன ஒடுக்குமுறை அல்ல, அவர்களுடைய சமூகவிரோதக் குணத்துக்கு எதிரான போலீஸ் நடவடிக்கை என்று தீர்ப்பளித்தது. 1940 மே மாதத்தில் ஏறத்தாழ 2,500 பேரைக் குடும்பத்தோடு போலந்துக்கு அனுப்பியதும் அந்தக் கணக்கில் போய்விட்டது. இழப்பீடு கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1963இல் தீர்ப்பை ஓரளவு திருத்தினார்கள். நீதிமன்றத்தின் தலைவர் வெளிப்படையாக வெட்கம் தெரிவிக்க 2015 ஆனது.

ரோமானி ரோஸ் 1946 ஆகஸ்டில் ஹைடல்பெர்கில் பிறந்தவர். அந்த நகரம் எப்படிப்பட்ட நகரம் என்றும் சொல்ல வேண்டும். பழைய நகரத்துச் சந்துகளில் குடியிருந்த சிந்திக் குடும்பங்களை 1930களில் நகராட்சியே நெருக்கி வெளியேற்றியது. அப்போது மேயராக இருந்த கார்ல் நைன்ஹவுஸ் போருக்குப் பின் 1952இல் மறுபடியும் மேயரானார். ரோமானிக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்குப் போகிற பையனின் ஊரை மறுபடியும் அதே மேயர் ஆள்கிறார்.

இளைஞரான ரோமானி வியாபாரம் செய்தார். சிற்றப்பா வின்சென்ஸ் சங்கம் நடத்தினார், 1974இல் ஆஷ்விட்ஸ் முகாமின் ஒரு பகுதியான பிர்கெனாவில் இம்மக்கள் அடைக்கப்பட்டிருந்த பகுதியில் நினைவுச் சின்னம் ஒன்றையும் எழுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1973இல், சிந்தி ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தபோது ஹைடல்பெர்க் தெருவில் இம்மக்கள் ஊர்வலம் போனார்கள். ஜெர்மனியில் அவர்கள் நடத்திய முதல் உரிமை ஊர்வலம் அதுவே. அதற்குமுன் தலையைக் குனிந்து வாழ்ந்ததற்குக் காரணம் கோழைத்தனம் அல்ல. யார் என்று வெளியே தெரிந்தால் வாடகை வீடு கிடைக்காது, பிள்ளையைக் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். பழைய கோப்பு இன்னும் போலீஸ் நிலையத்தில் இருந்தது.

இவருடைய போராட்டத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கோப்புதான் திறவுகோல் என்பது என் எண்ணம். மியூனிக் போலீஸ் 1899இலேயே இவர்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு தொடங்கியது. போருக்குப் பின் பெயரை மாற்றி, பழைய ஆட்களையும் பழைய அட்டைகளையும் வைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார்கள். 1980 ஏப்ரல் 4, பெரிய வெள்ளி. டாஹாவ் முகாம் நினைவிடத்தில் ரோமானி ரோஸ் உட்படச் சிந்திகள் 11 பேரும் சமூகப் பணியாளர் ஒருவரும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் யாக்கோப் பாம்பெர்கர், பழைய குத்துச்சண்டை வீரர். 1944இல் இதே டாஹாவில் கடல்நீரை மட்டும் குடிக்கவைத்து நடத்திய சோதனையில் சிக்கி உயிர் தப்பியவர். எந்த இடத்தில் பட்டினி போட்டார்களோ அதே இடத்துக்குத் தானாக வந்து, தன் விருப்பத்தில் பட்டினி கிடந்தார். கோரிக்கை என்ன? அந்தப் போலீஸ் கோப்புகள் எங்கே என்று சொல்லுங்கள் என்பது. ஏறத்தாழ ஒரு வாரம் நாடு முழுதும் அதையே பேசியது.

அடுத்த ஆண்டு, 1981 செப்டம்பர் 1, ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குள் 18 பேர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ரிட்டர் நிலையத்தின் தாள்கள் அங்கே இருந்தன, மானிடவியல் ஆராய்ச்சிக்கு அவற்றை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அன்றே அந்தத் தாள்கள் கோப்லென்ஸ் நகரிலிருந்த தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

1982 பிப்ரவரியில் ஜெர்மானியச் சிந்தி, ரோமா மக்களின் மத்தியக் குழு உருவாகி, ரோஸ் தலைவரானார். மார்ச் 17 அன்று பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் அவர்களை அழைத்து, நடந்தது இனத்தின் பெயரால் நடத்தப்பட்ட இனப்படுகொலை என்று அரசு சார்பில் ஒப்புக்கொண்டார். போர் முடிந்து 37 ஆண்டுகள்.

தேனிக்காரன் எழுதியது:

போலீஸ் கோப்பு என்ற இடத்தில் எனக்கு என் தாத்தா நினைவு. எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம். இரவானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும், பத்து விரலும் பதிய வேண்டும். பிறந்ததே குற்றம் என்று ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதே.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, பதிவேட்டின் முறை ஒத்துத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அந்த ஏடு நச்சுவாயு அறைவரை போனது. 1944 ஆகஸ்ட் 2 இரவில் மட்டும் பிர்கெனாவில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 4,300 பேரைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கைப்பிரதியில் இரண்டையும் சமமாக நிறுத்த வேண்டாம். உங்கள் தாத்தா கதையைத் தனி இழையாக எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.

எல்பேக்கரை எழுதியது:

ஹாம்பர்க்கில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன், அகதியாக வந்தவன். பழுப்பேடு எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

1989இல் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ரோமா குடும்பங்களை ஹாம்பர்க் நாடு கடத்தப் பார்த்தது. அவர்கள் நோயென்காம வதைமுகாம் நினைவிடத்தில் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். முன்னின்றவர் ருட்கோ கவ்சின்ஸ்கி, போலந்தில் பிறந்தவர். கடைசியில் போலீஸ் வந்து வெளியேற்றியது. இறந்த ரோமாக்களுக்கு நினைவுக் கல் வைத்திருந்த இடத்திலிருந்து உயிரோடிருந்த ரோமாக்களை வெளியேற்றினார்கள். 1993இல் டாஹாவிலும் நாடு கடத்தலுக்கு அஞ்சிய குடும்பங்கள் வந்து தங்கின. ரோஸ் உண்ணாவிரதம் இருந்த அதே டாஹாவ்.

மத்தியக் குழு வென்றது ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களுக்கான தேசியச் சிறுபான்மைத் தகுதியை. ஜெர்மனியின் மற்றச் சிறுபான்மையினரான டேனியர், ஃபிரீசியர், சோர்பியர் ஆகியோருக்குச் சமமாக. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் "நாங்கள் ஜெர்மானியர்கள், அறுநூறு ஆண்டாக இங்கே இருக்கிறோம்" என்று வாதம் வைத்தால், நேற்று வந்தவனை அந்த வாதம் எங்கே நிறுத்துகிறது? கையில் தற்காலிகத் தாள் வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். எனக்கு இந்தக் கேள்வி நூல்களில் படித்த கேள்வி அல்ல.

பழுப்பேடு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். நான் விட்டது தவறு.

ஆனால் அந்த வாதம் ஏன் பிறந்தது என்பதையும் பாருங்கள். நாஜிகள் முதலில் பறித்தது குடியுரிமையை. போருக்குப் பின்னும் பலருக்கு அதைத் திருப்பித் தர அலுவலகங்கள் மறுத்தன. ஆஷ்விட்ஸ் எண் கையில் இருக்க, குடியுரிமைத் தாள் கையில் இல்லாமல் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் மகன் "நான் ஜெர்மானியன்" என்று சொன்னது, பறித்ததைத் திருப்பிக் கேட்டதாகும். புதிதாக வந்தவருக்குக் கதவைச் சாத்தும் எண்ணம் அதில் இருந்தது என்று நான் நம்பவில்லை. சாத்தியதுபோல் ஆனது என்று நீங்கள் சொன்னால் வாதாட மாட்டேன்.

எல்பேக்கரை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். கைப்பிரதியில் கவ்சின்ஸ்கி பெயருக்கும் ஒரு வரி கொடுங்கள், ஆசிரியை. வகுப்பில் அகதி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?

கீல்வாசி எழுதியது:

தலைநகரத்துப் பிரதமர்களையே பேசுகிறோம். வடக்கே கீல் நகரத்துச் சிந்தித் தலைவர் மத்தேயுஸ் வைஸ். மாநிலச் சங்கத்தை நடத்தியவர். அவர் கேட்டது ஒன்று: வயதானவர்களும் பேரப்பிள்ளைகளும் அருகருகே வாழ ஒரு குடியிருப்பு. அதைச் சாதித்தார்கள். கார்டன் பகுதியில் 13 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பெயர் மாரோ தெம், எங்கள் இடம் என்று பொருள். சொந்தக் கூட்டுறவு, கட்டும் வேலையிலும் அவர்களே கை கொடுத்தார்கள்.

1990களிலிருந்து பள்ளிகளில் சிந்திப் பெண்களே இடையாளர்களாக வேலை செய்கிறார்கள். காலையில் பிள்ளை வகுப்புக்கு வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள், ஆசிரியர் அவமதித்தால் ஆசிரியரிடமும் பேசுவார்கள். முகாமை நினைத்துப் பள்ளிக்கூடத்துக்கே அஞ்சிய பாட்டிகள் உள்ள குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய வேலை! 2012இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசியல் சட்டத்திலேயே இம்மக்களின் பெயர் ஏறியது. அதற்கும் வைஸ் பல ஆண்டுகள் சட்டமன்றப் படி ஏறி இறங்கினார்.

திராட்சைமேடு எழுதியது:

நான் ஹைல்பிரான் நகரத்தில் இருக்கிறேன். இதுவும் நெக்கர் கரைதான்.

2007 ஏப்ரலில் இங்கே தெரேசியன்வீசே திடலில் இளம் பெண் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவிழாக் கடைக்காரர்கள் வண்டிகளோடு நின்ற திடல் என்பதால் சந்தேகம் உடனே சிந்தி, ரோமா குடும்பங்கள் மீது பாய்ந்தது. பத்திரிகைகளும் அதையே எழுதின. சம்பவ இடத்தில் கிடைத்த பெண் ஒருத்தியின் மரபணுவைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2009இல் உண்மை வெளிவந்தது. அந்த மரபணு, சோதனைக்குப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணுடையது! 2011இல், கொன்றவர்கள் என்எஸ்யு என்ற நாஜிக் கும்பல் என்று தெரிந்தது.

ரோஸ் அப்போது விடாமல் நின்றார். விசாரணைக் கோப்புகளில் இம்மக்களைப் பற்றி எழுதப்பட்டிருந்த இழிவான வரிகளுக்கு விளக்கமும் மன்னிப்பும் கேட்டார். 1980இல் கேட்ட அதே கேள்வி, எங்களைப் பற்றி என்ன எழுதிவைத்திருக்கிறீர்கள்? என் வீட்டிலிருந்து அந்தத் திடலுக்குப் பத்து நிமிட நடை. அந்த நாட்களில் நானும் செய்தித்தாளை நம்பினேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நெக்கர்க்கரை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், திருத்துங்கள்:

"நம் நெக்கர் ஆற்றின் கரையில் சிந்தி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். ரோமா என்பவர்கள் அவர்களுடைய உறவு மக்கள். நாஜி ஆட்சியில் இவர்களைப் பற்றிய விவரங்களை மருத்துவர்களும் போலீசாரும் தாள்களில் எழுதிச் சேர்த்தார்கள். 1940 மே மாதத்தில் நம் பகுதிக் குடும்பங்கள் ஹோஹென்அஸ்பெர்க் கோட்டைக்கும் அங்கிருந்து போலந்துக்கும் இடம்பெயர்ந்தன. ஐரோப்பா முழுவதும் ஐந்து லட்சம் பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். தப்பிய ஒருவரின் மகன் ரோமானி ரோஸ். அந்தத் தாள்கள் எங்கே என்று கேட்டு அவரும் நண்பர்களும் 1980இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கவ்சின்ஸ்கி என்பவர் ஹாம்பர்க்கில் ரோமா அகதிகளுக்காக நின்றார். நீங்கள் பார்க்கப் போகும் மையத்தில், சிந்தி, ரோமா மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள்."

எல்பேக்கரை எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல். "இடம்பெயர்ந்தன" என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நம் வீடுகளில் பிள்ளைகள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். ஷெல் விழ, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாமாக ஓடியதற்கு அந்தச் சொல். இங்கே ஆள் வந்து, பெயர் வாசித்து, பட்டப்பகலில் ஊர் பார்க்கத் தெருவில் நடத்திப் போய் ரயிலில் ஏற்றினார்கள். "கொண்டுசெல்லப்பட்டார்கள்" என்று மாற்றுங்கள்.

நெக்கர்க்கரை ஆசிரியை எழுதியது:

மாற்றிவிட்டேன் அண்ணா. சனிக்கிழமை காலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.